படைப்பெனப்படுவது

(தமிழ்மன்ற ஆண்டுவிழாவில், ஆசிரியரும் மாணாக்கரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



குறுந்தொகையில் பாட்டு இயற்றியோருள் சிலர்க்கு இயற்பெயர் கிடைத்திலது. தொகுத்த சான்றோர் என் செய்தனர்? பாட்டினுள் ஒளிர்ந்த ஒரு காட்சியை எடுத்து, அதனையே அவர்க்குப் பெயராகச் சூட்டினர். விலக்குவார் இன்றித் தாமே பொருது தாமே ஓயும் குப்பைமேட்டுக் கோழிகளைக் காதல்நோய்க்கு உவமையாக்கியவர் குப்பைக் கோழியார் ஆனார். ஈரம் புலரும் முன் உழுதுவிட வேண்டுமே என்று பதறும் ஒற்றை ஏர் உழவனைப் பாடியவர் ஓரேருழவனார் ஆனார். காதலன் பிரிந்த நாளில் தன் நிலைமையை, மாந்தர் விட்டு நீங்கி அணில் விளையாடும் முற்றத்தோடு ஒருத்தி ஒப்பிடுவதாகப் பாடியவர் அணிலாடு முன்றிலார் ஆனார். யானை வளைத்துக் கைவிட்ட மூங்கில் மேலெழுவதை, மீனைக் கவர்ந்து உயரும் தூண்டிலாகக் கண்டவர் மீனெறி தூண்டிலார் ஆனார்.

ஈன்றோர் இட்ட பெயர் மறைந்தது; கண்ட காட்சி இட்ட பெயர் நின்றது. படைப்பிலக்கியம் என்பது யாது என்று வினவுவார்க்கு இதனினும் தெளிவான விடை வேறில்லை.

கோழிகள் பொருவதைக் காணாதார் எவர்? அந்நாளில் ஊர்தோறும் குப்பைமேடு இருந்தது. அதன்மேல் கோழியும் இருந்தது. எல்லாருடைய கண்ணிலும் அக்காட்சி பட்டது. ஆயின், அதனைத் தம் கண்ணால் கண்டவர் ஒருவரே. தம் நெஞ்சில் மூண்டு, விலக்குவார் இன்றி அலைக்கழித்த ஒரு துன்பத்தையும் புறத்தே மூண்ட அப்பூசலையும் ஒருங்கே வைத்து நோக்கியவரும் அவர் ஒருவரே. அவ்விணைப்பு அவர் செய்ததற்கு முன் உலகில் இல்லை; செய்தபின் இருக்கிறது. முன்பு இல்லாத ஒன்றைச் சொல்லால் உளதாக்குதலே படைப்பு.

செய்தியும் படைப்பும்

எழுதப்பெறுவன எல்லாம் படைப்பாகா. ஊர்க்கணக்கர் எழுதும் நிலக்குறிப்பு எழுத்துத்தான். மருத்துவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டும் எழுத்துத்தான். அவை பயனுடையவை, வேண்டப்படுபவை. ஆயின் அவற்றின் பொருளை வேறு சொற்களால் கூறினும் குறை நேராது. படைப்பிலோ சொல்லும் பொருளும் உடலும் உயிரும்போல் ஒட்டி நிற்கும். சொல்லை மாற்றினால் பொருளும் மாறிவிடும்.

உண்மையைக் கூறுவது செய்தி, பொய்யைக் கூறுவது படைப்பு என்று சிலர் கருதுகின்றனர். இது பெரும்பிழை. இதனைத் தொல்காப்பியர் அன்றே தெளிவுறுத்தினார். நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டனையும் தழுவி வருவதே பாடல் சான்ற புலனெறி வழக்கம் என்பது அவர் கண்ட இலக்கணம். புனைந்துரைப்பது நாடக வழக்கு. உலகில் உள்ளவாறு உரைப்பது உலகியல் வழக்கு. புனைவு மட்டும் இருப்பின் அது கனவாகிவிடும்; உலகியல் மட்டும் இருப்பின் அது கணக்கேடாகிவிடும். இரண்டும் கலக்குமிடத்தில்தான் இலக்கியம் பிறக்கிறது.

அக்கலப்பைச் செய்யும் முறையையும் அவர் வகுத்தார். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்நிலத்து உணவும், விலங்கும், மரமும், புள்ளும், பறையும், தொழிலும். உரிப்பொருள் என்பது மாந்தர் நெஞ்சில் நிகழும் ஒழுக்கம். எங்கே, எப்பொழுது, எவற்றின் நடுவே, எவ்வுணர்ச்சி என்னும் இவற்றுக்கு விடை கூறாத கதை இன்றும் நிற்பதில்லை. ‘அவள் மிக வருந்தினாள்’ என்று பத்து முறை எழுதினும் படிப்பவர் வருந்தார். எந்த முற்றத்தில், எந்தப் பொழுதில், எதனைப் பார்த்துக்கொண்டு அவள் இருந்தாள் என்று காட்டினால், வருத்தம் என்னும் சொல்லே இன்றி வருத்தம் விளையும். அணிலாடு முன்றிலார் செய்தது அதுவே.

ஒரு கிணறும் பல வடிவமும்

இனி, படைப்பு கொள்ளும் வடிவங்களைக் காண்போம். பெயர்ப்பட்டியல் கூறுவதால் பயன் விளையாது. ஒரே நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அது வடிவந்தோறும் எவ்வாறு மாறுகிறது என்று காண்பதே பயன் தரும்.

ஓர் ஊரில் ஒரு பொதுக்கிணறு. கோடையில் அது வற்றிவிட்டது. இதுதான் நிகழ்ச்சி. நாளிதழில் இது மூன்று வரிச் செய்தி.

பாவலன் இதனைத் தொட்டால் கிணறு முழுவதையும் பாடமாட்டான். நீர் கீழிறங்க இறங்கத் தாம்புக்கயிற்றில் ஒட்டுப்போட்டு முடிந்த முடிச்சுகளை மட்டும் காண்பான். திங்களுக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் உருளையில் ஏறும்போது ஒரு தடக்கு. அத்தடக்கு இழுப்பவளின் கையில் ஓர் அதிர்வு. அதனோடு பாட்டு முடிந்துவிடும். ஒரு நொடியின் உணர்ச்சியைச் செறித்துத் தருவது பாட்டு. சொல் குறையக் குறைய அதன் வலிமை மிகும். குறுந்தொகைப் பாக்கள் பெரும்பாலும் நான்கடி முதல் எட்டடிக்குள் அடங்குவதன் சிறப்பை இதனால் உணரலாம்.

சிறுகதையாளன் ஒரு மாலைப்பொழுதை எடுத்துக்கொள்வான். பல்லாண்டுகளாகப் பேச்சற்றுப்போன இரு பங்காளி வீட்டுப் பெண்கள் கிணற்றடியில் எதிர்ப்படுகின்றனர். அடியில் எஞ்சியிருப்பது அரைக்குட நீர். அதனை முகந்தவள், ஒரு சொல்லும் சொல்லாமல், பாதியை மற்றவள் குடத்தில் ஊற்றிவிட்டுப் போகிறாள். கதை அவ்வளவே. ஒரு திருப்பத்தில் ஒரு வாழ்வைக் காட்டுவது சிறுகதை. வ.வே.சு. ஐயர் 1915-இல் வெளியிட்ட ‘குளத்தங்கரை அரசமரம்’ ஒரு பெண்ணின் துயரை மரத்தின் வாய்மொழியாகக் கூறுகிறது. எவர் வாயிலாகச் சொல்வது என்று தேர்வதும் படைப்பின் ஒரு பகுதியே என்பதற்கு அது சான்று.

புதினம் எழுதுவோன் அக்கிணற்றை வெட்டிய நாளிலிருந்து தொடங்குவான். பாறையை உடைத்தவர் யார், அக்கிணற்றில் நீர் எடுக்க உரிமை பெற்றவர் யார், மறுக்கப்பெற்றவர் யார், பின்னர்ச் சுற்றுப்புறத் தோட்டங்களில் ஆழ்துளைக் கிணறுகள் எவ்வாறு இறங்கின, ஊற்று எவ்வாறு கண் மூடிற்று என்று மூன்று தலைமுறை வரலாறு விரியும். பலருடைய வாழ்வை ஒரு காலத்தோடு பின்னிக் காட்டுவது புதினம். தமிழில் 1879-இல் வெளிவந்த வேதநாயகரின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அதற்கு வழி திறந்தது. மு. வரதராசனாரின் ‘அகல் விளக்கு’ 1961-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. இரு நண்பர் வாழ்வை இணையாக நிறுத்தி, ஒருவனை ஒருவன் வாயிலாக அறியச் செய்தது அப்புதினம்.

நாடகக்காரனுக்கு வருணிக்கும் உரிமை இல்லை. கிணற்றடியில் நிற்போர் என்ன பேசுகின்றனர், என்ன செய்கின்றனர் என்பவற்றைக் கொண்டே அனைத்தையும் புலப்படுத்தல் வேண்டும். ஆகவே நாடகம் மோதலால் வாழ்வது. பேராசிரியர் சுந்தரனார் 1891-இல் இயற்றிய ‘மனோன்மணீயம்’ ஆங்கிலப் பாவலர் இலிட்டனின் கதைப்பாட்டு ஒன்றைத் தழுவியது. கதைக்கரு பிறமொழியது, உயிரோ தமிழினது. கரு எங்கிருந்து வரினும் அதனைத் தன் மண்ணில் ஊன்றித் தன் நீர் பாய்ச்சி வளர்த்தவனே படைத்தவன் என்பதற்கு அந்நாடகம் எடுத்துக்காட்டு. பாவேந்தர் பாரதிதாசனாரோ கழகக் காலத்து நட்பொன்றைப் ‘பிசிராந்தையார்’ என்னும் நாடகமாக்கினார். அவர் 1964-இல் மறைந்தபின், 1969-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசு அதற்கு வழங்கப்பெற்றது.

வெளியூர் சென்ற மகனுக்குத் தாய் எழுதும் மடலிலும் அக்கிணறு வரலாம். ‘நீ ஊருக்கு வரும்போது குளித்துவிட்டே வா’ என்று அவள் எழுதும் ஒரு வரியில் வறட்சி முழுதும் அடங்கிவிடும். தன்வரலாறு எழுதுவோன் அதே கிணற்றில் தான் நீந்தப் பழகிய நாளை நினைவுகூர்வான். திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ 1944-இல் வெளிவந்தது. தம் வாழ்வைக் கூறுமுகத்தான் ஒரு தலைமுறையின் வாழ்வையே கூறிய நூல் அது. புதுச்சேரி ஆனந்தரங்கர் 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, பிறர் படிக்க வேண்டும் என்னும் நோக்கின்றி எழுதப்பெற்றும் ஒரு காலத்தின் குரலாக நிற்கிறது. எழுத்தறியாத மூதாட்டி அக்கிணற்றை வைத்து ஒரு விடுகதை போடுவாள். ஓர் ஒப்பாரியில் அதனை விளித்து அழுவாள். அவையும் படைப்புகளே. தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் என்பவற்றோடு வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்பவற்றையும் ஒரே நிரலில் வைத்து எண்ணினார். பிசி என்பது விடுகதை. முதுசொல் என்பது பழமொழி. ஏட்டில் எழுதியோனுக்கு ஓர் இருக்கையும் வாயால் மொழிந்தோனுக்கு ஒரு தரையும் அவர் இடவில்லை.

ஆக, வடிவம் என்பது வெறும் ஏனம் அன்று. நொடியைப் பிடிக்க வேண்டுமாயின் பாட்டு. திருப்பத்தைக் காட்ட வேண்டுமாயின் சிறுகதை. காலத்தைக் காட்ட வேண்டுமாயின் புதினம். மோதலைக் காட்ட வேண்டுமாயின் நாடகம். நெருக்கத்தைக் காட்ட வேண்டுமாயின் மடல். சொல்லக் கருதிய பொருளே தனக்குரிய வடிவத்தைத் தேர்ந்துகொள்கிறது. புதினத்துக்குரிய பொருளைப் பாட்டில் திணிப்பதும், பாட்டுக்குரிய பொருளை முந்நூறு பக்கத்துக்கு இழுப்பதும் தோல்வியில் முடிவது இதனாலேயே.

விருந்து

‘இவையெல்லாம் மேலை நாட்டு வடிவங்களாயிற்றே, தமிழுக்கு ஏற்புடையவோ?’ என்று ஐயுறுவார் உளர். அவர்க்கு விடை தொல்காப்பியத்திலேயே உளது. செய்யுளுக்குரிய முப்பத்து நான்கு உறுப்புகளுள் இறுதி எட்டும் வனப்பு எனப்பெறும். அவ்வெட்டனுள் ஒன்று, புதியதாகப் புனையும் யாப்பைப் பற்றியது. அதற்கு அவர் இட்ட பெயர் ‘விருந்து’.

என்ன அழகிய பெயர்! புதுமையைப் பகை என்று அவர் கூறவில்லை, விருந்து என்றார். விருந்தினரை வாயிலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவது தமிழர் மரபன்று. அதே பொழுதில், விருந்தினர் வந்தார் என்பதற்காக வீட்டை அவர் பெயருக்கு எழுதி வைப்பதும் மரபன்று. உள்ளே அழைத்து, நம் இலையில் நம் உணவை இட்டு உண்பிப்பதே மரபு.

பரிதிமாற் கலைஞர் அவ்வாறே செய்தார். பதினான்கு அடியில் அமையும் மேலைநாட்டுப் பாவடிவைத் தமிழ்யாப்பில் அமைத்துத் ‘தனிப்பாசுரத் தொகை’ தந்தார்; 1897-இல் நாடகத்துக்கு இலக்கணமாக ‘நாடகவியல்’ யாத்தார். தனித்தமிழ் இயக்கத்தை 1916-இல் தொடங்கிய மறைமலையடிகளார் வெறும் ஆராய்ச்சியாளர் மட்டும் அல்லர். 1911-இல் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ என்னும் தழுவற் புதினத்தையும், 1921-இல் முழுதும் மடல்களால் இயன்ற ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ என்னும் புதினத்தையும் எழுதியவர் அவர். சப்பானியரின் மூவரிப் பா நம்மிடையே வந்து துளிப்பா என்று பெயர்பெற்று அமர்ந்துவிட்டதும் விருந்தோம்பலே.

தூய சொல்லும் உயிருள்ள சொல்லும்

இங்கு ஒன்றை மனந்திறந்து கூறியாக வேண்டும். தமிழ்ப்பற்றுடையோர் சிலர், பிறசொல் கலவாது எழுதிவிட்டால் அஃது இலக்கியம் ஆகிவிடும் என்று எண்ணுகின்றனர். தூய்மை என்பது படைப்புக்கு நிலம். அதுவே விளைச்சல் ஆகாது. களை பறித்த வயல் அழகியதுதான். ஆனால் விதைக்காவிடின் அறுப்பதற்கு ஒன்றும் இராது. நூற்றுக்கணக்கில் புதுச்சொல் ஆக்கி அகரமுதலியில் அடுக்கி வைக்கிறோம். அச்சொற்களுள் ஒரு தாலாட்டிலோ, ஒரு கதையிலோ, ஒரு நாடகப் பேச்சிலோ புகுந்தவை வாழ்கின்றன; புகாதவை பேழைக்குள் உறங்குகின்றன. ‘சிறுகதை’ என்னும் சொல் வாழ்வதற்குக் காரணம், அப்பெயரில் நல்ல கதைகள் எழுதப்பெற்றமையே.

தூய சொல் பண்டிதரின் ஏட்டில் மட்டுமே உளது என்று கருதுவதும் பிழை. நாற்றங்கால், பரம்பு, மடை, வரப்பு, பதர் என்று உழவன் பேசுவது தமிழன்றி வேறென்ன? வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டவன் கடலோடி. அச்சொற்களை அறியாத புலவன் கடலைப் பாடப் புகுந்தால், ‘நீலத் திரைகடல்’ என்று பழம்பாட்டின் எச்சிலையே மீண்டும் பரிமாற நேரும். சேரிமொழியால், ஆராய வேண்டாது பொருள் விளங்கக் கூறுவதைப் ‘புலன்’ என்று பெயரிட்டு வனப்பு எட்டனுள் ஒன்றாக வைத்தவரும் தொல்காப்பியரே. எனவே, கிணற்றடியில் நிற்கும் பெண்ணை நாடகத்தில் ‘யாங்குச் சென்றனை?’ என்று பேசவைப்பது மொழிக்காப்பு ஆகாது. அவளுடைய வாயை அடைத்துவிட்டு ஆசிரியர் பேசுவதாகும் அது. அவள் பேச்சில் கலந்துள்ள வேண்டாப் பிறசொற்களை நீக்கலாம். அவள் குரலை நீக்கலாகாது.

வகுப்பறையில் நேர்வது

இனிக் கூறப்படுவது ஆசிரியப் பெருமக்களுக்கு. பள்ளி ஒன்றில், எட்டாம் வகுப்பில், ‘மழைக்காலம்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு பணிக்கப்பெற்றது. நாற்பது மாணாக்கரும் எழுதினர். முப்பத்தொன்பது தாள்களிலும் ‘நீரின்றி அமையாது உலகு’ என்னும் பொருளே முன்னுரை. மழையின் பயன்கள், தீமைகள், முடிவுரை. எல்லாம் ஒரே துணைநூலினின்று மனப்பாடம் செய்யப்பெற்றவை. ஒரு சிறுமி மட்டும் தன் வீட்டைப் பற்றி எழுதியிருந்தாள். கூரை எங்கெங்கே ஒழுகும் என்பது அவள் தாய்க்குத் தெரியுமாம். மழை இருட்டும்போதே ஒவ்வோரிடத்திலும் ஒவ்வோர் ஏனத்தை வைத்துவிடுவாளாம். ஈயக்குண்டானில் விழும் துளிக்கு ஓர் ஓசை. மண்சட்டியில் விழும் துளிக்கு வேறோர் ஓசை. இரவில் அவ்வோசை மாறுவதைக் கேட்டே எந்த ஏனம் நிறைந்துவிட்டது என்று படுத்தபடியே தாய் அறிவாளாம்.

அத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையால், ‘பொருளுக்குப் புறம்பு’ என்று எழுதப்பெற்றிருந்தது. மதிப்பெண், பத்துக்கு மூன்று.

அவ்வாசிரியரைக் குறை கூறிப் பயனில்லை. தேர்வும் விடைக்குறிப்பும் அவர் கையைக் கட்டியுள்ளன. ஆயினும், அம்மூன்று மதிப்பெண் அச்சிறுமிக்குக் கற்பித்த பாடம் யாது? ‘உன் கண்ணை நம்பாதே; உன் வீடு எழுதத்தக்கது அன்று; பிறர் எழுதியதைப் படியெடு’ என்பதே. அடுத்த தேர்வில் அவளும் மனப்பாடம் செய்வாள். பத்துக்கு எட்டு வாங்குவாள். ஒரு படைப்பாளி குறைவாள்; ஒரு படியெடுப்பாள் கூடுவாள். இன்று கேட்ட நொடியில் கட்டுரை எழுதித் தரும் பொறிகளும் வந்துவிட்டன. மனப்பாடக் கட்டுரையை அவை மாணாக்கரினும் விரைவாக எழுதும். ஆனால், அந்த ஈயக்குண்டானின் ஓசை அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரியும்.

செய்யத்தக்கது அரிதன்று. கிழமைக்கு ஒரு பாடவேளை போதும். ‘நேற்றுக் கண்ட ஒன்றை எழுதுக’ என்னும் ஒரு கட்டளை போதும். தலைப்பு வேண்டா, முன்னுரை வேண்டா, பொன்மொழி வேண்டா. ‘அழகான’, ‘அருமையான’ என்னும் சொற்களைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அவற்றினிடத்தில் நிறத்தையும் ஓசையையும் மணத்தையும் எழுதச் சொல்லுங்கள். பிழையைப் பின்னர்த் திருத்தலாம். சந்தியைப் பின்னர்க் கற்பிக்கலாம். அணைந்துபோன கண்ணை மீண்டும் ஏற்றுதல் எளிதன்று. எழுதியவற்றுள் நல்லனவற்றை மன்றத்தில் படிக்கச் செய்யுங்கள். கையெழுத்து இதழாகத் தொகுத்து வையுங்கள். பாட்டாக வருவது பாட்டாகட்டும். கதையாக வருவது கதையாகட்டும். மடலாக வருவது மடலாகட்டும். வடிவத்தைப் பொருள் தேடிக்கொள்ளும்.

மாணாக்கச் செல்வங்களே! பெரிய பொருளைத் தேடித் தொலைவு செல்லற்க. குப்பைமேடும் கோழியும் போதுமாயிருந்தன ஒருவர்க்கு. ஓர் ஏரும் ஈரநிலமும் போதுமாயிருந்தன மற்றொருவர்க்கு. உங்கள் வீட்டில் உள்ளது உங்களுக்குப் போதும். ஒருமுறை எழுதியதோடு நின்றுவிடாதீர், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், வேண்டாச் சொல்லைக் களையுங்கள், மீண்டும் எழுதுங்கள்.

குறுந்தொகையைத் தொகுத்த அச்சான்றோர் கையில் அந்த எட்டாம் வகுப்புத் தாள் கிடைத்திருப்பின், அதன் ஓரத்தில் என்ன எழுதியிருப்பர்? மதிப்பெண் இட்டிருக்கமாட்டார். பெயரை மறந்தாலும் காட்சியை மறவாது, ‘ஒழுகு கூரையார்’ என்று எழுதித் தொகையில் சேர்த்திருப்பர். அவ்வாறு பெயர்பெறத்தக்கோர் இவ்வூர்ப் பள்ளியிலும் இன்று அமர்ந்திருக்கக் கூடும். அவர்களுடைய தாளைக் கையில் எடுக்கும்போது சிவப்புத் தூவலைச் சற்றே கீழே வைத்துவிட்டுப் படித்தல் வேண்டும்.